பதினேழு டிக்

முதல் தேர்வுத்தாளில் எனக்குப் பதினேழு டிக்.
செல்பேசியில் படமெடுத்து
சுலைமானியாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன்.
இரண்டு இதயம், மூன்று கைதட்டல் வந்தன.
அப்புறம்தான் ஸோரியானா சொன்னாள்:
இந்த நாட்டில் டிக் என்றால் தப்பு.
சரி என்பதற்கு ஒரு சாய்கோடு,
மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி,
சதவீதக் குறி இளைத்துப்போன மாதிரி.
அது என் தாளில் மூன்று இருந்தது.
தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.

கயானி நகரம், நீச்சல்குளத்துக்கு மேல்மாடி.
குளோரின் வாசத்தில் ஃபின்னிஷ் படிக்கிறோம்.
பூட்ஸைக் கழற்றி வாசலில் விட வேண்டும்,
யார் காலுறையில் ஓட்டை என்பது
பெயருக்கு முன்பே தெரிந்துவிட்டது.
மூன்று மணிக்கு ஜன்னல் இருட்டிவிடும்.
ஆசிரியை தெர்ஹி என்னைவிடப் பதினாறு வயது சின்னவள்.
'இல்லை' என்ற சொல்லையே
நான், நீ, அவர் என்று ஆளுக்கொரு விதமாக
மடிக்க வேண்டும் என்பதை
மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

அன்று பலகையில் கரடி வரைந்தாள்.
நாய்போல இருந்ததால்
அடியில் கரடி என்று எழுதினாள்.
கரடியைச் சுட்டேன்.
சொல்லின் வாலில் 'ன்' வந்தால் கரடி செத்தது.
'அ' வந்தால்
சுட்டது நிஜம், விழுந்தது நிச்சயமில்லை.
சுடவே இல்லை என்றாலும் அதே 'அ'.
"அப்படியானால் கரடி எங்கே போயிற்று?"
ஸோரியானாவுக்குத் தெரிந்தாக வேண்டும்.
தெர்ஹி ஜன்னலைப் பார்த்தாள்,
அதில் எங்கள் முகங்கள்தான் இருந்தன.
"இலக்கணத்துக்குத் தெரியாது" என்றாள்.

காதலிக்கிறேன் என்றால் எப்போதும் 'அ'.
சொல்லும்போது கொஞ்சம் சிவந்தாள்.
வெறுக்கிறேன் என்றால்?
அதற்கும்.
காத்திருக்கிறேன்?
அதற்கும்தான்.
உங்கள் ஊரில் முடிகிற காரியமே கிடையாதா
என்று கேட்க வாயெடுத்தேன்,
'முடி'வதற்கு வினைச்சொல் கைவசம் இல்லை.

வீட்டுப்பாடம்:
இங்கே வருமுன் என்ன செய்தீர்கள், ஐந்து வாக்கியம்.
லெதெப்ரஹானின் நான்காவது வாக்கியம்:
கெரெனில் நாங்கள் வீட்டைக் கட்டினோம்.
வீட்டின் வாலில் அவள் வைத்திருந்தது 'அ'.
தெர்ஹி அதை அடித்து
மேலே சிவப்பில் 'ன்' எழுதி
ஓரத்தில் டிக் போட்டிருந்தாள்.

லெதெப்ரஹான் காலுறையோடு
சத்தமில்லாமல் மேசைக்குப் போனாள்.
'ன்'னை ஒரு விரலால் மூடினாள்.
"சுவர், ஆமாம்.
கதவு, ஆமாம்."
அடுத்ததற்கு அவளிடம் சொல் இல்லை.
இரண்டு கைகளையும் தலைக்கு மேலே
சாய்த்துக் கூட்டிப் பிடித்தாள்.
பிறகு பிரித்தாள்.

கீழே குளத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

சிவப்பு மை அழியாது.
தெர்ஹி தன் டிக்கை ஒட்டியே
ஒரு சாய்கோடு இழுத்தாள்,
மேலே ஒரு புள்ளி,
யோசித்து, கீழே ஒரு புள்ளி.
பலகையில், கரடியின் முதுகுக்கு மேல்
கத்தோ என்று எழுதினாள். கூரை.
"கூரை முடிந்து 'ன்' சேர்ந்தால்
நடுவில் ஒரு 'த்' உதிர்ந்துவிடும்,
அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்."
"உதிரட்டும்" என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு
லெதெப்ரஹான் காப்பி எடுக்கப் போனாள்.

இரவு டிப்போவில்
ஏழாம் எண் பேருந்தைக் கழுவுகிறேன்.
வெளியே விடாமல் பனி.
காலை முதல் நடையிலேயே
சக்கரம் வரை சேறாகி நிற்கும்,
நியாயமாகப் பார்த்தால் இதற்கு 'அ'.
மேற்பார்வையாளர் ராய்மோ படிவத்தோடு வந்து
"என்ன, ஷெர்கோ?" என்றார்.
கழுவினேன் என்றேன்,
பேருந்துக்கு அழுத்தி ஒரு 'ன்' வைத்து.
படிவத்தில் ஏதோ குறி போட்டார்.
எட்டிப் பார்த்தேன், கை மறைத்தது.